மேல் போல்ட்

இந்தத் தாளின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருக்கிறதே, அது கியர் ஆயில். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையை விட்டு வாசம் போகவில்லை. போகாவிட்டால் இருக்கட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு இங்கே பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். எழுபது வயதுக்கு மேல் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனால் எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது, பிரித்துப் பூட்டிய எஞ்சின் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆன மாதிரி ஒரு சந்தோஷம்.

உனக்கு எழுதும் முதல் கடிதத்தில் நல்ல சேதி மட்டும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். இன்று நடந்தது விடவில்லை.

நம் அம்பாசிடருக்குக் கிளட்ச் பிளேட் தேய்ந்து, ராசிபுரம் ரோட்டில் சின்ன மேட்டில்கூட ஏறாமல் நின்றுவிட்டது. நானும் நம் மகளும் கியர் பாக்ஸை இறக்க ஆரம்பித்தோம். கீழே இருக்கிற போல்ட்டுகள் முரண்டு பிடிக்காமல் வந்தன. மேல் போல்ட் மட்டும் வரவில்லை. அது கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் நீளமான ராடை மேலே விடவேண்டும். வண்டிக்குள் தரைத் தகட்டைத் திறந்து இன்னொருவர் கையை விட்டு, ராடின் நுனியில் உள்ள சாக்கெட்டைப் போல்ட்டின் தலையில் உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகுதான் கீழே இருப்பவர் திருக வேண்டும். தடித்த கை அந்தச் சந்துக்குள் போகாது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், உன் கை அதற்குள் போனது. அன்றைக்கு மறுநாள் விடியலில் மேட்டூருக்குச் சவாரி. மத்தியானத்திலிருந்து இந்த ஒரு போல்ட்டோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தறிக்குப் பாவு நூல் பிணைக்கப் போயிருந்த நீ வேலை முடிந்து வந்தாய்.

"நகருங்க. நாளெல்லாம் நூல் நூலாப் பிணைக்கறவ, ஒத்தை போல்ட்டைப் புடிக்க மாட்டனாக்கும்?"

நான் அடியில் படுத்தேன். நீ கையை உள்ளே விட்டாய். ஆயில் சொட்டி என் கண்ணில் விழுந்தது.

"இன்னும் உக்காரலைங்க. செத்த பொறுங்க."

"நீ என்ன மெக்கானிக்கா? புடிச்சுக்க!" என்று சொல்லி இழுத்துவிட்டேன்.

ராடு நழுவித் தகட்டில் மோதியது. நடுவில் உன் விரல் இருந்தது. நீ கத்தவில்லை. "சாமி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது என்னைப் பார்க்காமலே, "கார் கதவுல மாட்டிக்கிச்சுங்க" என்றாய். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன்.

அந்த ஆட்காட்டி விரல் பிறகு மடங்கவேயில்லை. உன்னோடு பாவு பிணைத்த பெண்கள் கொஞ்ச நாள் காத்திருந்தார்கள், பிறகு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். நீ தறிக்குத் தார்க் குச்சியில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாய். சோறு பிசையும்போது அந்த விரல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். யாரைக் காட்டுகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். நீ ஒரு நாளும் திட்டவில்லை. நான் எதற்காவது அவசரப்பட்டால் அதைத் தூக்கிக் காட்டி, "இன்னும் உக்காரலைங்க" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இன்று நம் மகள் கையை உள்ளே விட்டாள். அதே ஒல்லிக் கை. "இன்னும் உக்காரலைங்கப்பா" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மாவாட்டமே சொல்றேன் பாருங்க. சூடா டீயை வாய்ல வெச்சாக்கூட அம்மா இதத்தான சொல்லும்? எங்கிருந்து புடிச்சுதுங்கப்பா அத?"

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அம்மா வெரலு கதவுல மாட்டல கண்ணு. இந்த போல்ட்டுதான். பொறுங்கன்னுச்சு. நான் பொறுக்கல."

கை வெளியே போனது. திறந்த தகட்டின் வழியாக வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"அம்மா பாவு வேலைய உட்டது அதனாலயா?"

"ஆமா."

"கதவுன்னு அம்மா சொன்னப்ப நீங்க பக்கத்துல நின்னீங்களா?"

"நின்னேன்."

பிறகு வளையல் தகட்டில் உரசியது. கை திரும்ப உள்ளே வந்தது.

"நான் சொல்ற வரைக்கும் திருகக் கூடாது." அப்பா என்ற சொல் அதில் இல்லை.

கண்ணில் ஆயில் விழுந்தது. துடைக்கவில்லை. "உக்காரல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "உக்காரல." காத்திருந்தேன்.

"இப்பத் திருகுங்க."

"வெரல எடுத்துட்டயா சாமி?"

"எடுத்துட்டேன்."

ஒரே முறுக்கில் போல்ட் வந்துவிட்டது. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது அந்த ஒரு கேள்விதான். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சோறு போட்டாள். இதுவரை பேசவில்லை. தாள் பறக்காமல் இருக்க அந்தப் போல்ட்டைத்தான் மேலே வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்குப் புதுப் பிளேட் போட்டுக் கியர் பாக்ஸைத் திரும்ப ஏற்ற வேண்டும். அதே போல்ட், அதே சந்து. அவள் கை கொடுப்பாளா, தெரியவில்லை. வா என்று கூப்பிட மாட்டேன். ராடை மேலே விட்டுவிட்டு, அடியில் படுத்துக் காத்திருப்பேன்.