விடாமல் போன சந்து

12.6.1964
ஊருக்குத் தெற்கே மானாவாரிக் காட்டில் மனை போடுகிறார்கள். வரைபடம் என் கையால். தெருக்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சந்து விடலாமா என்று மனை விற்கிறவர் கேட்டார். வேண்டாம் என்றேன். நம் காரைக்குடியில் வீடு என்றால் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பகலெல்லாம் இரண்டும் திறந்தே கிடக்கும். நானும் முத்தழகு அக்காவும் வாடகைக்கு இருக்கும் இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு பெரிய வீடுதான் எங்களுக்கு வழி. யாரையும் கேட்டுக்கொண்டு போனதாக நினைவே இல்லை. சந்து எதற்கு? இரண்டு மனை கூடுதலாகக் கிடைத்ததில் எனக்குக் கெட்டிக்காரன் பட்டம்!

3.2.1967
புது வீட்டுக்குக் குடி வந்தாயிற்று. எனக்கு முதல் தெரு. அக்காவுக்கு இரண்டாம் தெரு; நான்தான் வற்புறுத்தி மனை வாங்க வைத்தேன். நடுவில் தேனப்பனின் மனை, தெருவிலிருந்து தெரு வரை காலியாகக் கிடக்கிறது. அக்கா அதன் வழியே கிண்ணத்தோடு வருகிறாள். “கொழம்பு ஆறுறதுக்குள்ள வந்துட்டேன் பாத்தியா?”

19.9.1970
தேனப்பன் வீடு கட்டுகிறார். பின்வாசல் இல்லை. சுவர்! மற்றவர்களும் அப்படித்தான் கட்டுகிறார்கள். போய்க் கேட்டேன்.
“அதெல்லாம் அந்தக் காலம். ரெண்டு கதவுக்கும் யாரு காவல் இருக்குறது? நீங்கதானே படம் வரைஞ்சீக, ஒரு சந்து விட்டிருக்கலாம்ல?”
திரும்பி வந்தேன்.

20.9.1970
பென்சிலால் ரெண்டு கோடு. ரெண்டே கோடு. ஏன்டா போடல?

8.1.1972
சுற்றிப் போனால் முக்கால் மைல். அக்காவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. ஞாயிறுதோறும் நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.
இன்று ஏதோ நினைப்பில் பழைய தெருவுக்குப் போய், அந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தேன். வளவு முற்றத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் தலை நிமிரவில்லை. அடுத்த தெருவில் இறங்கினேன். அக்கா இருந்த வீட்டில் வேறு யாரோ. அழுகை வந்துவிட்டது.

14.7.1974
மூன்று ஞாயிறாகப் போகவில்லை. வெயில், வேலை — எல்லாம் சாக்குதான்.

2.11.1974
தபால்காரர் இஞ்ஞாசிமுத்து ஒரு கார்டு கொடுத்தார். அக்கா எழுத்து.
“தம்பி, நலம். உன் நலம் அறிய எழுதவும். உன்னைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தோம்.”
என் பெயர், தெரு, காரைக்குடி என்று முழு விலாசமும் எழுதியிருந்தாள். வந்து சேர இரண்டு நாள் ஆகியிருக்கிறது.
சாயங்காலம் தபாலாபீசுக்குப் போய் நானும் ஒரு கார்டு வாங்கி வந்தேன்.