உடைத்துப் பார்த்த கட்லட்

இஞ்சாருங்கோ,

அன்பில் குறைவில்லை, ஆனாலும் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் கண் மூடிய பிறகு உங்களோடு நான் கோபித்தது இதுதான் முதல் தடவை.

உங்களை வைத்திருந்த மலைநாட்டுச் சிறையை இப்போது சுற்றுலா இடமாக்கிவிட்டார்கள். மதிலுக்கு வெள்ளையடித்து, வாசலில் பூச்சட்டிகள் வேறு. கனடாவிலிருந்து லீவில் வந்த நம் மகன் அன்ரன், "அம்மா, ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வருவம்" என்று வெள்ளவத்தை வீட்டு வாசலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். மறுக்கவும் முடியவில்லை, காரணம் சொல்லவும் முடியவில்லை.

நமக்குள் இருந்த பேச்சு நினைவிருக்கிறதா? சந்தேகத்தில் பிடித்து, வழக்கும் இல்லாமல் உங்களை அடைத்து வைத்தது மகனுக்கு ஒருநாளும் தெரியக்கூடாது. அப்பாவுக்குத் திருகோணமலைக்கு வேலை மாற்றம் என்று சொல்லி அவனை வளர்த்தேன். அப்போதிருந்த கொட்டாஞ்சேனை வீட்டு அயலவர்களுக்கும் அதே கதைதான். சிஸ்டர்மாரிடம் படித்த நான் அந்தப் பொய்யை மட்டும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

உள்ளே சனங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். கோடு போட்ட கைதிச் சட்டையும் வாடகைக்கு இருந்தது. எதற்கும் பகிடி விடுகிற அன்ரன் அதைத் தொடவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பார்க்க வருபவர்கள் காத்திருந்த கூடம் இப்போது தேநீர்க்கடை. அன்ரன் கட்லட் வாங்கி வந்தான். எண்ணெய் வடியவிடாமல் எடுத்த கட்லட். ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்துத் தட்டில் வைத்தான்.

"என்ன தம்பி, சின்னப்பிள்ளை மாதிரி?"

"நீங்கள் கொண்டுவந்த கட்லட்டை இப்பிடி உடைச்சுப் பார்த்துத்தானே அம்மா, ஜெயிலுக்குள்ளை அப்பாவுக்குக் குடுத்தவங்கள்."

"ஆர் சொன்னது?"

"அப்பாதான். ஆஸ்பத்திரியிலை, நீங்கள் குளிக்க வீட்டை போன நேரம். அம்மாட்டைச் சொல்லாதை, அவ தாங்கமாட்டா எண்டவர்."

தாங்கமாட்டாதவள் நானா? ஞாயிறு முதல் பூசை முடிந்த கையோடு ரயிலேறி, மடிப்புக் கலையாத சேலையோடு அந்த வாசலில் நின்றவள் யார்? உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்கக் காவலாளி அழுக்கு விரலால் என் கட்லட்டை உடைக்கப் போனபோது, "கையைக் கழுவிவிட்டு உடையுங்கோ" என்று சிங்களத்தில் சொன்னேன். மழைக்குள் என்னைக் கடைசி ஆளாக நிறுத்தினான். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன், திரும்பவும் நிறுத்தினான். பிறகொரு நாள், நான் வாய் திறக்க முதலே கழுவிவிட்டு வந்தான். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று இதை உங்களிடம் சொல்லவேயில்லை.

உங்கள் நினைவுப் பூசைக்கு வந்தவர்களிடமும் நான் திருகோணமலைக் கதையைத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்று தலையாட்டினான் உங்கள் மகன், எல்லாம் தெரிந்துகொண்டே. அவனுக்குச் சொன்னது பிழையில்லை. சொல்ல முதல் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

வருகிற ஆண்டுப் பூசைக்கு நானே கட்லட் பொரிப்பேன். முழுசாகத்தான் மேசைக்கு வரும். அந்தக் காவலாளி கை கழுவிய கதையை அன்றைக்கு அன்ரனுக்குச் சொல்லுவேன். உங்களைக் கேட்கமாட்டேன்.

உங்கள் மனைவி, அன்ரனின் தாய்,
திரேசா