அம்மாவை ஆயா என்றவளுக்கு

உன் தொப்பி வந்திருக்கிறதடி. நீ கப்பலேறியபோது போட்டிருந்த அதே சோலா வெயில்தொப்பி. உள்பட்டையில் உன் பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. நிமோனியா ஜுரத்தில் நீ போய்விட்டாய் என்று எழுதி, 'பழைய ஆயாவுக்குக் கொடுக்கவும்' என்று என் பெயருக்கு அனுப்பியிருக்கிறான் உன் சோல்ஜர் புருஷன். லண்டன் பனியிலும் இதைப் போட்டுக்கொண்டுதான் நடந்தாயாம். வெயிலே இல்லாத ஊரில் எதற்குடி இது? அசல் வெள்ளைக்காரி எவளாவது போடுவாளா?

மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் நமக்கு அடுத்தடுத்த வீடு. உன் அப்பா சட்டைக்காரர், ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு; அம்மா கொள்ளேகாலத்துத் தமிழச்சி. உனக்கு அப்பாவின் நிறம். கறுத்துவிடுவோம் என்ற பயத்தில் கொய்யா மரத்து நிழலில்கூடத் தொப்பியைக் கழற்ற மாட்டாய். அங்கே உட்கார்ந்துதான் என் தட்டிலிருந்த புளிசாதத்தைப் பிடுங்கித் தின்பாய்.

அப்பா போன பிறகு, யுத்த காலத்தில், அந்த வெள்ளைக்கார சோல்ஜர் வந்தான். பெற்றவள் செத்துவிட்டாள், வீட்டில் இருப்பது ஆயா என்று அவனிடம் சொன்னாய். "தெரிஞ்சா கட்டிக்க மாட்டாருடி. நீயும் வாயத் தொறக்காதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நீ புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் உன் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், ஆயா மாதிரியே ஒதுங்கி நின்றாள். கூடையில் உனக்குப் புளிசாதம். வண்டி நகர்ந்தபோது நீ எனக்குத்தான் கையசைத்தாய்.

இப்போது அத்தை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று உனக்குப் பூசை வைக்க அவளை மாதா கோவிலுக்கு அழைத்துப் போனேன். "செத்தவங்க உனக்கு என்ன உறவும்மா?" என்று கேட்டார், புதிதாக வந்த சாமியார்.

"நான் அவங்களுக்கு ஆயாங்க சாமி."

பெற்ற மகளை 'அவங்க' என்கிறாள்! எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லைங்க, இவங்கதான் பெத்த அம்மா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கோபமா? வா, வந்து சண்டை போடு.

வழியெல்லாம் அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாப்பா கோவிச்சுக்கும். ஏன் சொன்னே?" என்று வாசலில் கேட்டதோடு சரி. இன்று காலை உன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சாமியார்கிட்ட என்னமோ சொன்னியே கண்ணு. அத இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். நீ சொல்லியிருக்க வேண்டியதை இனி நான்தான் தினமும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, பாவி.