மெழுகுக் கைநாட்டு

றொசல்ல,
பங்குனி 1965

அன்பு மகள் பூரணிக்கு,

உன் அம்மாவின் கட்டைவிரலை நீ கொழும்புக்குத் திருடிக்கொண்டு போய்விட்டாய். இதைச் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிக்க முடிகிறது. நாங்கள் சுகம், அம்மாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை, நீயும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறோம்.

பொங்கலுக்கு வந்தபோது தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் அடுப்பில் உருக்கி, செங்கல் பொடியும் விளக்குக் கரியும் கலந்து, தேயிலைப் பெட்டிப் பலகையில் சூடாகப் பூசி, இஸ்திரிப்பெட்டியை மேலே காட்டிக் காட்டிப் படம் எழுதினாய். பால் சட்டி பாழானதற்குக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அம்மா கையில் எண்ணெய் தடவி, பிளாஸ்டரில் அச்செடுத்து, அதில் மெழுகை ஊற்றினாய். கொழுந்துக் கறை ஏறிய வெடிப்பு முதற்கொண்டு அப்படியே வந்தது. பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் காளியாயி பார்த்துவிட்டு, இந்தக் கையையும் காலையில பேர் பதியிற பெரட்டுக்கு அனுப்புடி, ரெண்டாள் சம்பளம் கெடைக்கும் என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இலங்கைக்கு இத்தனை பேர், இந்தியாவுக்கு இத்தனை பேர் என்று இரண்டு அரசாங்கமும் நம்மைப் பங்கு பிரித்ததிலிருந்து லயத்துக்கு யார் யாரோ தாள் கொண்டுவருகிறார்கள். அரிசிக் கூப்பனுக்கு என்று சொல்லிக் கணக்குப்பிள்ளை மேல் லயத்து மீனம்மாவிடம் கைநாட்டு வாங்கிப் போனான். அதில் இந்தியா போகச் சம்மதம் என்று இருந்ததாம். அவள் பிறந்தது இதே மலைநாட்டு இறம்பொடையில், கடலையே பார்த்ததில்லை. அம்மாவின் பிரஜாவுரிமை மனு இன்னும் கிடப்பில் கிடக்கிறது. எழுத்துத் தெரியாத அவளுக்கு அந்த விரல்தான் கையெழுத்து, அதை வேறு எதிலும் வைக்காமல் காப்பாற்றி வருகிறோம். அடி உடைந்துவிட்டது என்று நீ விட்டுப்போன ஒரு மெழுகுக் கட்டைவிரலை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு தோட்டப் பள்ளி லியனார்ட் மாஸ்டரிடம் கொண்டுபோய், பள்ளி முத்திரை மையில் தொட்டுத் தாளில் வைத்தேன். பக்கத்தில் அம்மாவையும் தன் விரலை வைக்கச் சொன்னேன். எது மெழுகு, எது மனுஷி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, செல்லசாமி, இத மொதல்ல நெருப்புல போடுங்க என்றார். தாளையும் சேர்த்துப் போட்டேன்.

உங்கள் ஓவியப் பள்ளிக் கண்காட்சியில் அந்தக் கையை ஒரு தேயிலைக் கம்பெனிப் பெரியவர் விரும்பிக் கொண்டுபோனார் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அந்தக் கை மழையில் கொழுந்து பறிக்கும்போது திரும்பிப் பார்க்காதவர்களுக்கு மெழுகில் செய்தால் மட்டும் ஏன் ஆசை வருகிறது? தோட்டத்துக் கைதான் வேண்டும் என்று உன்னைச் செய்யச் சொன்ன உன் ஓவிய வாத்தியார், தன் அம்மா கையை ஏன் வார்க்கவில்லை? நீ படிப்பதை நான் தடுக்கவில்லை. இனி யார் கையை வார்த்தாலும் விரல் நுனியைச் சூட்டுக் கத்தியால் வழித்துவிடு. கலை கெட்டுவிடும் என்றால் கெட்டுப் போகட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தலையில் எண்ணெய் வை. நல்லாயிருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு உன் அப்பா,
ப. செல்லசாமி

போன கடிதத்திலும் இதைக் கேட்டேன், நீ கொழும்பு மழையைப் பற்றி எழுதினாய். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், மறக்காம எழுதுங்க என்கிறாள். அந்தக் கையைக் கொண்டுபோனவர் பெயர் என்ன, அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது? எழுது.