ஆறாம் பக்கத்துக்கு ஒரு வரி

பாறசாலை
18-6-1956

அன்புள்ள அத்தானுக்கு,

கிருபாபாய் எழுதுகிறேன். எனக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை, கோபம் மட்டும் உண்டு.

மார்த்தாண்டத்தில் தமிழ்ப் போராட்டக்காரர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாள், போலீஸ் தேடுகிறது என்று நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினீர்கள். வருகிற ஆடியோடு இரண்டு வருஷம். அண்ணன் ஞானையன் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டான், உங்கள் பேரில் கேசே இல்லையாம். கேட்டால், பாறசாலை தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் கால் வைப்பேன் என்று சபதம் என்கிறீர்கள். நாகர்கோவில் சேருகிறது, பாறசாலை சேரப்போவதில்லை என்று பேப்பரிலேயே வந்தாயிற்று. அப்படியானால் நான் ஒரு ராஜ்யத்தில், நீங்கள் ஒரு ராஜ்யத்திலா? எனக்கு ஒன்றும் பிடிகிட்டவில்லை.

அது கிடக்கட்டும். ஒரு வேலை உண்டு. மிஷன் வழியாக எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பத்துப் படப்புத்தகம் வந்திருக்கிறது. பத்தும் ஒரே புத்தகம். ஸ்வீடனோ டென்மார்க்கோ, பாதிரியாருக்கே வாசிக்கத் தெரியாத பாஷை. படத்தைப் பார்த்துத் தமிழில் வரி எழுதி ஒட்டச் சொல்லுகிறார் ஹெட்மாஸ்டர். நீங்கள்தான் எழுதி, உங்கள் அச்சாபீஸில் பெரிய எழுத்தில் துண்டுகளாக அடித்து அனுப்பவேண்டும்.

படங்கள்: ஒன்று, வெள்ளை வெளேரென்று காடு. இரண்டு, மரப்பொந்து வீட்டில் கரடி. மூன்று, அணில் கொட்டைகளோடு வருகிறது. நான்கு, முயல் கிழங்கு கொண்டுவருகிறது. ஐந்து, எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். ஆறு, நரி வாசலில் நிற்கிறது, உடம்பெல்லாம் பனி. உள்ளே இருக்கிறவர்கள் அதையே பார்க்கிறார்கள். ஏழு, எல்லாரும் தூங்குகிறார்கள்.

அந்த வெள்ளை என்னவென்று பிள்ளைகளிடம் கேட்டேன். "உப்பாக்கும் டீச்சர்!" என்றாள் ஸ்ரீகுமாரி. உப்பளத்தில் கரடிக்கு என்ன வேலை என்று இன்னொருத்தி. ஆடி மழையில் வேலிக்கு மேலே மரச்சீனிக்கிழங்கு கடன் கொடுப்போமே, அதுபோல ஒரு பஞ்சகாலம் என்று சொல்லி ஒப்பேற்றினேன்.

எதிரே கிருஷ்ணன்குட்டியண்ணன் டீக்கடையில் அவர் பெண்சாதி விலாசினியக்கா, "நம்ம தாசன் எப்பளாக்கும் வாறது?" என்று தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

உங்கள்
கிருபாபாய்


நாகர்கோவில்
30-6-1956

பிரியமுள்ள கிருபா,

உன் கோபம் தபாலில் பத்திரமாக வந்து சேர்ந்தது. துண்டுகள் இத்துடன் உண்டு. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கோர்த்து அடித்தேன். இருப்பதிலேயே பெரிய எழுத்து, 'ழ' மட்டும் கொஞ்சம் தேய்ந்தது. சோற்றுப் பசை வைத்து ஒட்டாதே, கரப்பான் தின்னும்.

சபதத்தைப் பற்றிக் கிண்டல் வேண்டாம். மொழிக்காக உயிரையே கொடுத்தவர்கள் உண்டு. நான் வீட்டைக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

விலாசினியக்காவுக்கு உடம்பு எப்படி? கிருஷ்ணன்குட்டியண்ணன் ஏதாவது சொன்னாரா?

சுந்தரதாஸ்


பாறசாலை
14-7-1956

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டைக் கொடுத்தீர்களாம். வீட்டுக்குள்ளே நான் இருந்தேனே, என்னையும் சேர்த்தா கொடுத்தீர்கள்?

துண்டுகளை ஒட்டினோம். ஐந்து பக்கம் வரை தேன்தான். "உன் கொட்டையும் என் தேனும் ஒரே இலையில்" என்ற வரியைப் பிள்ளைகள் கத்திக்கொண்டு அலைகிறார்கள். ஆறில் வந்தது வினை. "முயல் வீட்டில் கல் எறிந்த நரிக்கு இங்கே இடமில்லை. போ, போ என்றது கரடி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் படத்தில் நரியும் உள்ளேதான் தூங்குகிறது. அதன் வாலைப் போர்த்திக்கொண்டு முயல் கிடக்கிறது. இதை நான் எழுதாமல் விட்டது என் தப்புதான்.

"போவச் சொன்ன நரி எப்பிடி டீச்சர் உள்ள வந்து கெடக்குது?" என்று ஸ்ரீகுமாரி மடக்கினாள். "பொறவாசல் வழியா வந்திருக்கும்" என்றான் தேவகுமார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த நரியாவது கல் எறியுமா? படத்தில் கல்லே கிடையாது. அந்தக் கல் எங்கிருந்து வந்தது அத்தான்?

விலாசினியக்காவுக்கு ஒரு கண் போனது போனதுதான். மற்றக் கண்ணால் டீ ஆற்றுகிறாள். கிருஷ்ணன்குட்டியண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள்
கிருபாபாய்


நாகர்கோவில்
2-8-1956

கிருபா,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் போட்டுவிடவேண்டும்.

கல் நான் எறிந்தது. சூட்டுச் செய்தி கேட்டதும் எனக்குப் புத்தி நிற்கவில்லை. எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். கிருஷ்ணன்குட்டியண்ணன் கடை வாசலில் மலையாளத்தில் எழுதிய பலகை தொங்கியதே, அதற்குத்தான் எறிந்தேன். தினமும் காலையில் நான் டீ குடிக்கிற கடை! அக்கா அந்த நேரம் பார்த்து வெளியே வந்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஓடினேன்.

போலீஸும் இல்லை, சபதமும் இல்லை. இங்கே என்னைப் போராட்டத் தியாகி என்று மேடையில் உட்காரவைக்கிறார்கள். போர்த்துகிற துண்டை மேடையிலிருந்து இறங்கியதும் கழற்றிச் சுருட்டிவிடுகிறேன். நரியை உள்ளே விடுகிற வரி எனக்கு எழுத வரவில்லை கிருபா. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் என்ன செய்யவேண்டும் என்று நீயே சொல்.

தாஸ்


பாறசாலை
9-8-1956

அத்தானுக்கு,

எனக்குத் தெரியும்.

நீங்கள் ஓடிய அன்றைக்கே கடை வாசலில் கழன்று கிடந்த உங்கள் ஒற்றைச் செருப்பைக் கிருஷ்ணன்குட்டியண்ணன் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். படியில் வைத்துவிட்டுப் போனார். ஸ்டேஷனுக்கும் போகவில்லை. மறுநாளிலிருந்து அக்காவுக்கு மருந்து விடப் போனது நான். பாறசாலையில் பாதிப் பேருக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயை நீங்கள் மட்டும் சோற்றில் மறைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். நீங்களாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மொழிக்காகத்தான் என்னை விட்டுப் போனீர்கள் என்று சில நாள் நானே நம்பப் பார்த்தேன். கல்லுக்காக என்றால் எனக்கு இன்னும் குழப்பம். கல் எறிந்தவரை நான் போ என்றேனா?

வாருங்கள். அக்காவிடம் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்கு வாருங்கள். மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

கிருபாபாய்


நாகர்கோவில்
20-10-1956

கிருபா, இத்தனை நாள் எழுதவில்லையே என்று கவலைப்படாதே. வருகிறேன். எந்த நாள் என்று சொன்னால் அந்த நாளில் எனக்குக் கால் வராது. அதனால் சொல்லவில்லை.

தாஸ்


பாறசாலை
5-11-1956

சுந்தரதாஸ் அவர்களுக்கு,

நேற்று முன்தினம் சனிக்கிழமை வந்தீர்கள். விலாசினியக்கா எல்லாம் சொன்னாள். அவள் காலடியில் உட்கார்ந்து அழுதீர்களாம். "எணீருடா தாசா, இந்தக் கண்ணு இனி வருமா? நீயாவது வந்தியே" என்று சொல்லிச் சோறு போட்டாளாம். கிருஷ்ணன்குட்டியண்ணன் மட்டும் முகம் கொடுக்காமல் அடுப்பைக் கிளறிக்கொண்டு இருந்தாராம். ஆனாலும் நீங்கள் போகும்போது பஸ் வரை வந்தாராம். நல்லது. அதில் எனக்கு நிறைந்த சந்தோஷம்.

நான் அந்த நேரம் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தேன். நாலு மணி பஸ் நின்றது. ஏறுகிற முதுகைப் பார்த்தேன். என் புருஷன் முதுகு எனக்குத் தெரியாதா? கூப்பிட வாய் வரவில்லை. டீக்கடையிலிருந்து நம் வாசலுக்கு முப்பது அடி. நாகர்கோவில் தமிழ்நாட்டோடு சேர்ந்து எல்லை போட்டு அன்றைக்கு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அந்த எல்லையைத் தாண்டி வந்த ஆளுக்கு இந்த முப்பது அடி தாண்ட முடியவில்லையா?

ஏன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வெட்கமா, பயமா, அங்கே வேறு ஏதாவது ஆகிவிட்டதா? ஒன்றும் தெளியவில்லை. அக்காவுக்கு ஒரு கண் போயிற்று, அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். எனக்கு இரண்டு வருஷம் போயிற்று. அது உங்கள் கணக்கிலேயே இல்லை போலிருக்கிறது. எனக்கு நெஞ்சு வலிக்கிறது அத்தான்.

வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் இரண்டு பேருக்கு அரிசி போடுவேன், ஒரு மீன்கறியும் வைப்பேன். நாலு மணி பஸ் போகிறவரை சாப்பிடாமல் இருப்பேன். அதற்குப் பிறகு ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கப் படித்துக்கொள்வேன்.

இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

கிருபாபாய்