மீனலோசனி தரை தட்டிய பிறகு

1935 ஜனவரி 5, சனி

வாடைக்காற்று விடுகிறதாக இல்லை. இன்றைக்கு இரண்டு முறை கடற்கரைக்குப் போய்வந்தேன். இரண்டாம் முறை போனதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. அடுப்பில் சோறு கிடந்ததையும் மறந்து போய்விட்டேன். வந்து பார்த்தால் களியாகக் குழைந்து கிடக்கிறது. மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

பொங்கலுக்கு முன்பு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் இவர் ரங்கூனுக்குப் போனார். அரிசி ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். மீனலோசனிக் கப்பலில் இவர் தண்டையலாகி, மற்ற மாலுமிகளுக்குத் தலைவராகி, சில வருடம் ஆகிவிட்டது. பாய்க்கப்பல் ஓட்டுகிறவரின் பெண்சாதிக்குக் காத்திருப்பது புதிதா என்ன? ஆனாலும் இந்த முறை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

எதிர்வீட்டு நாகேஸ்வரியும் இளைய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். அவள் புருசன் இராசநாயகமும் இவரோடுதான் போயிருக்கிறான். "ஞானாக்கா, நாங்கள் ரெண்டு பேரும் நிண்டு பாத்தால் கப்பல் கெதியாய் வருமோ?" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவளும் வீட்டுக்குப் போகவில்லை.

ஜனவரி 8, செவ்வாய்

காற்று. குசினிக் கூரையின் ஓலை பாதி முற்றத்தில் கிடக்கிறது. எடுத்து வைக்க மனமில்லை.

ஜனவரி 10, வியாழன்

எப்படி எழுதுவேன்.

மத்தியானம் பருத்தித்துறைப் பக்கமிருந்து மாட்டுவண்டி ஒன்று வந்தது. கப்பலில் போனவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன் — இவர் இல்லை. இவரோடு கப்பலில் போன சீவரத்தினம் ஓடிவந்து, "அக்கா, அண்ணை சுகமாய் இருக்கிறார். வெற்றிலைக்கேணியிலை கப்பல் தரை தட்டிப்போச்சு. அண்ணை கப்பலோடை நிக்கிறார்" என்றான். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக எதிர்வீட்டு வேலிப் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இராசநாயகம் போய்விட்டான்.

திங்கட்கிழமை விடியும் நேரம் காற்று கப்பலைக் கரைப்பக்கம் தள்ளி மணல்திட்டில் ஏற்றிவிட்டதாம். அலை மேற்தட்டால் ஏறி அடித்ததாம். சின்னத்தோணியை அவிழ்க்குமுன்பே அது நொறுங்கிவிட்டது. யாராவது வடத்தின் முனையைக் கரைக்குக் கொண்டுபோய்க் கட்டினால்தான் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். இராசநாயகம் நான் போகிறேன் என்று தானாகவே வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தானாம். கரைக்குக் கிட்டத்தில் அலை தூக்கி அடித்துவிட்டது. உடல் அடுத்த நாள்தான் ஒதுங்கியது. கொண்டுவரக்கூடிய நிலையில் இல்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள்.

நாகேஸ்வரிக்கு இதைச் சொன்னபோது நானும் அவள் பக்கத்தில்தான் நின்றேன். அவள் தோளைப் பிடித்திருந்தேன். அப்போதும் என் மனம் இவர் இருக்கிறார், இவர் இருக்கிறார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜனவரி 11, வெள்ளி

நாகேஸ்வரி இன்னும் அழவில்லை. சீவரத்தினத்தைக் கூப்பிட்டு, "அவர் தானாய்க் குதிச்சவரோ?" என்று கேட்டாள்.

"ஓமக்கா. ஒருத்தரும் சொல்லேல்லை. எங்களுக்காண்டி அவனாய்க் குதிச்சவன்."

தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டாள். அவனும் அதையே திரும்பச் சொன்னான். அவளுக்கு அது ஓர் ஆறுதல் என்று நினைத்தேன்.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வீட்டிலும் பானை ஏறவில்லை. இவர் வரவில்லை.

ஜனவரி 17, வியாழன்

தம்பிராசா வாத்தியார் நாகேஸ்வரி வீட்டுக்கு வந்தார். ஒரு மாதம் முடிந்து செய்கிற அந்தியேட்டிக் கிரியை அன்று கொடுப்பதற்குக் கல்வெட்டு, அதாவது செத்தவன் பேரில் ஒரு பாட்டு, பாட வேண்டுமாம். கப்பலில் போனவர்கள் சேர்ந்து அச்சடிப்பிக்கிறார்கள். வாத்தியாருக்கு நல்ல உற்சாகம். வீரம், தியாகம் என்று பாதி இப்போதே பாடி வைத்திருக்கிறார். "சாதாரண சாவே பிள்ளை இது?" என்றார். கிணற்றடியிலும் கோயிலிலும் இதே கதைதான். தன் உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காத்தவன்.

நாகேஸ்வரி எழும்பி உள்ளே போனாள். குசினிக்குள் பாத்திரங்கள் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. வாத்தியார் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல?

ஜனவரி 20, ஞாயிறு

கப்பலின் சொந்தக்காரர் பொன்னம்பலத்தார் வந்தார். இனி மீனலோசனியை இழுத்து மிதக்கவிட ஏலாதாம். அடிப்பலகை பிளந்துவிட்டது, மரத்தைக் கழற்றி விற்கவேண்டியதுதான். "காவலுக்கு வேறை ஆக்களை அனுப்பியும் உன்ரை மனிசன் முத்துக்குமாரு வரமாட்டன் எண்டு நிக்கிறானாம். ஏன் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

ஏன்? எனக்குத் தெரிந்தால் நான் இப்படி வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டிருப்பேனா? செத்தவன் வீடு எதிரில் இருக்கிறது. தண்டையல் வந்து தலை காட்ட வேண்டாமா? சனம் இன்னும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கும்.

நானே போய்ப் பார்க்கப் போகிறேன். சீவரத்தினம் வண்டி பிடிக்க மாட்டேன் என்றான். "போகவேண்டாம் அக்கா, அண்ணை தானாய் வருவார்." அவன் தடுக்கத் தடுக்க எனக்குப் போகத்தான் வேண்டும் போலிருக்கிறது.

ஜனவரி 23, புதன்

போய் வந்துவிட்டேன். தடுத்துப் பார்த்து முடியாமல் சீவரத்தினமே வண்டி பிடித்துவந்தான்; மகளை மாமி வீட்டில் விட்டுவிட்டு முந்தாநாள் விடிய இரண்டு பேரும் புறப்பட்டோம். பருத்தித்துறை தாண்டி நாகர்கோயில் கிராமத்துக்கு அப்பால் வண்டிச் சில்லு மணலில் புதையப் புதைய மாடு நின்றுவிடுகிறது. பாதி வழி நடந்தேன்.

கப்பலைக் காணுமுன் அதன் மணம் வந்தது. நனைந்த அரிசியை மூட்டை மூட்டையாகக் கரையில் கொட்டியிருக்கிறார்கள். எல்லாம் புளித்து, காகங்கள் மொய்த்துக்கொண்டு. மீனலோசனி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இந்தக் கப்பல் பாய் விரித்துப் போவதை எத்தனை தரம் பார்த்திருப்பேன்! பெரிய பாய்மரம் முறிந்து கயிற்றில் தொங்குகிறது.

இவர் ஓலைக்குடிலின் வாசலில் இருந்தார். தாடி. கண் உள்ளே போயிருந்தது. என்னைக் கண்டு எழும்பவும் இல்லை.

"ஏன் வந்தனீ?"

"நீங்கள் ஏன் வரேல்லை?"

சீவரத்தினம் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நழுவிவிட்டான்.

"இராசநாயகத்தின்ரை வீடு எங்கடை வீட்டுக்கு எதிரிலைதானே இருக்குது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமோ? எல்லாருக்காகவும் குதிச்சவன் —"

"அவன் குதிக்கேல்லை" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னார். இராசநாயகத்தைப் போல நீந்தக்கூடியவன் வேறு ஒருவரும் இல்லை. இவர்தான் அவனை இறங்கு என்றாராம். அவன் மாட்டேன் என்றானாம். "அலை தணியட்டும் அண்ணை, வீட்டிலை நாகேசும் பிள்ளையளும் இருக்குதுகள்" என்றானாம். கப்பல் இப்போதே பிளந்துவிடும் என்று இவருக்குப் பயம். எல்லாருக்கும்தான் வீடு இருக்கிறது, இறங்கடா என்று திரும்பவும் சொல்லியிருக்கிறார். பயந்தாங்கொள்ளி என்று எல்லாருக்கும் முன்னால் ஏசியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவன் வடத்தை எடுத்துக் கட்டினானாம்.

"மத்தியானம் காத்து விழுந்துது ஞானம். அலையும் தணிஞ்சுது. இடுப்பளவு தண்ணியிலை எல்லாரும் நடந்து கரைக்கு வந்தம். நடந்து."

தானாகக் குதித்தான் என்று சொல்வோம் என்று முதலில் சொன்னது சீவரத்தினம்தானாம். தண்டையலின் பெயருக்கும் நல்லது, அந்தப் பெட்டை நாகேஸ்வரிக்கும் அது ஒரு பெருமை. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இவர் மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வாருங்கள் என்று கூப்பிட்டேன். வரவில்லை. நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

ஜனவரி 25, வெள்ளி

நித்திரை இல்லை. என்ரை மனிசன் கொலைகாரனோ? இல்லை. கப்பலில் தண்டையல் சொன்னால் சொன்னதுதான். எல்லாத் தண்டையல்மாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அலை தணியாமல் கப்பல் பிளந்திருந்தால் அத்தனை பேரும் போயிருப்பார்கள், இவரும் போயிருப்பார். அப்போது யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

ஆனால் அலை தணிந்ததே.

ஜனவரி 28, திங்கள்

இன்றைக்கு நாகேஸ்வரி படலையடியில் என்னை மறித்துக் கேட்டாள்.

"அண்ணை என்ன சொன்னவர், அக்கா? அவர் தானாய்த்தான் குதிச்சவராமோ?"

"ஓம்" என்றேன்.

என் வாயால் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். சொல்லிவிட்டு வந்து, பெருக்கிய முற்றத்தைத் திரும்பவும் பெருக்கினேன். இன்றைக்கு ஓம் என்றேன், நாளைக்கும் கேட்பாள். அவள் பிள்ளைகள் வளர்ந்து அவர்களும் கேட்பார்கள். அதற்கும் நான் ஓம் சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் இருந்துகொண்டு சாகுமட்டும் சொல்ல வேண்டும்.

என்னால் ஏலாது.

ஜனவரி 29, செவ்வாய்

சீவரத்தினத்தைக் கூப்பிட்டு இவருக்குச் சொல்லி அனுப்பினேன். அந்தியேட்டிக்கு முன்பு வந்து நாகேஸ்வரியிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் நானே சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கரவெட்டியில் என் அண்ணை வீட்டுக்குப் போய்விடுவேன்.

"உங்களுக்கென்ன விசரோ அக்கா?" என்று கத்தினான். "பிறகு அண்ணையோடை ஆர் கப்பல் ஏறுவினம்? அந்தப் பெட்டைக்கு மிஞ்சினது அந்தப் பெருமை ஒண்டுதான். அதையும் பறிக்கப்போறியளோ?"

அவன் சொல்வதும் சரிதானே? தெரியவில்லை. ஆனாலும் போ என்றேன்.

பெப்ரவரி 2, சனி

வந்தார்.

காலையில் வண்டி வந்து நின்றது. முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்கும் என்று நான் உள்ளே காத்திருக்க, இவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. நேரே எதிர்வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார். நான் ஓடினேன்.

நாகேஸ்வரி முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். இவர் தள்ளியே நின்றார்.

"நாகேசு, அவன் தானாய்க் குதிக்கேல்லை. நான்தான் இறங்கு எண்டனான். மாட்டன் எண்டவன். திருப்பியும் சொன்னனான். பயந்தாங்கொள்ளி எண்டு ஏசியும் போட்டன். அதுக்குப் பிறகுதான் இறங்கினவன்."

அவள் நிமிர்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"மாட்டன் எண்டவரோ?"

"ஓம்."

"வேறை என்ன சொன்னவர்?"

"அலை தணியட்டும் எண்டவன். வீட்டிலை நாகேசும் பிள்ளையளும் இருக்குதுகள் எண்டவன்."

அப்படியே நெல்லின்மேல் இருந்துவிட்டாள். இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஒழுங்கை முழுக்கக் கேட்டது. நான் போய்ப் பிடித்தேன். என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்களை ஒருக்கா நினைச்சிருந்தால் குதிச்சிருப்பரோ எண்டுதான் அக்கா எனக்கு. ஊரெல்லாம் வீரன் வீரன் எண்ட, எனக்கு அவரிலை அவ்வளவு கோவம். மற்றவையின்ரை பெண்டில் பிள்ளையளுக்காண்டிச் சாகத் தெரிஞ்ச மனிசனுக்கு என்ரை பிள்ளையளைத் தெரியேல்லையோ எண்டு. செத்துப்போனவரோடை விடிஞ்சால் பொழுதுபட்டால் சண்டை. நினைச்சிருக்கிறார் அக்கா. எங்களை நினைச்சிருக்கிறார்."

எங்கள் எல்லாருக்கும் என்ன நடந்தது? ஆறுதல் என்று நினைத்து இத்தனை நாளும் அவளுக்கு என்னத்தைக் கொடுத்தோம்? நானும்தான் கொடுத்தேன்.

அழுது முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். இவரைப் பார்த்தாள்.

"அண்ணை, இனி இந்த முத்தத்திலை நீங்கள் கால் வைக்கக் கூடாது. என்ரை கண்ணிலையும் படாதேங்கோ."

"சரி பிள்ளை" என்றார் இவர்.

பெப்ரவரி 3, ஞாயிறு

ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சீவரத்தினம் என் முகத்தைப் பார்க்காமல் போகிறான். இவர் தந்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஆனால் நித்திரை கொண்டார்.

பெப்ரவரி 7, வியாழன்

கீரிமலையில் அந்தியேட்டி. இவர் போகவில்லை, நான் போனேன். நாகேஸ்வரி என்னைப் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

கல்வெட்டுக்காக வாத்தியாரோடு அவள் பெரிய சண்டையே பிடித்தாளாம். அவன் மாட்டேன் என்று சொன்னதைப் பாட்டில் வைக்கவேண்டுமென்று நின்றாளாம். "கல்வெட்டிலை உப்பிடி எழுதிற வழக்கமில்லைப் பிள்ளை" என்று அவர் மன்றாடியிருக்கிறார். கடைசியில், அலையின் நடுவிலும் மனைவியையும் மக்களையும் பெயர் சொல்லி நினைத்தவன் என்று ஒரு வரி வந்தது. கீரிமலையில் வாசிக்கையில் அந்த வரி வந்தபோது நாகேஸ்வரி மூத்தவளைக் கிட்ட இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மார்ச் 19, செவ்வாய்

பொன்னம்பலத்தாரின் அடுத்த கப்பலுக்கு வேறு தண்டையல். இவருக்குக் கீழே போக ஒருவரும் ஓம் சொல்லவில்லையாம். "நான் ஏசினதைக் கேட்டுக்கொண்டு நிண்டவைதானே. சரிதான்" என்றார். நாகேஸ்வரி கண்ணில் படாமலிருக்க இவர் பின்பக்க வேலியால் போய்வருகிறார். அவள் என்னோடும் கதைப்பதில்லை. படலையைத் திறக்குமுன் அவள் முற்றத்தை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 12, புதன்

சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது. இவர் இன்றைக்கு பர்மாவின் அக்யாபுக்குப் போகிற கப்பலில் ஏறினார், சுக்கான் பிடிக்கிறவராக. தண்டையல் இவரை விட இளையவன். கரையில் அவன் ஏதோ சொல்ல, இவர் தலையை ஆட்டிக்கொண்டு போய் வடத்தை இழுத்தார். பாய் மறையுமட்டும் நின்றுவிட்டு வந்து தேங்காய் உடைத்துத் திருவத் தொடங்கினேன்.

வாசலில் நிழல் தட்டியது. நாகேஸ்வரி, இரண்டு பிள்ளைகளோடும்.

"அவர் போட்டாரோ?"

"ஓம்."

"அப்ப நான் கொஞ்சம் இருப்பன்" என்று உள்ளே வந்து, திருவலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.