நாற்பதுக்கு ஒரு வட்டம்

2 மே 1978, சங்கரன்கோவில்

லீவு கிடைத்துவிட்டது. பத்து நாள். போஸ்டாபீசில் ராஜதுரை, "கோயில் கோயிலாச் சுத்துதீரு வே, கொடுத்து வச்சவரு" என்றான். மாமல்லபுரம், பாதாமி, ஹம்பி எல்லாம் பார்த்தவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். கோபுரத்தை எங்கே பார்த்தேன்? அதன் கீழே படுத்துக் கிடப்பவர்களின் முகத்தைத்தான் பார்த்தேன். தொலைந்துபோன அண்ணனைத் தேடிப் போகிறேன் என்று அவனிடம் சொன்னதில்லை.

4 மே

ஆவுடையப்பன் பெரியப்பா வந்தார். அண்ணன் மகள் தங்கத்தாயைப் பெண் கேட்டு வந்தவர்கள், அப்பா இருக்கிறாரா இல்லையா என்று கேட்கிறார்களாம். "ஏலே, நல்லகண்ணு போயி பன்னெண்டு வருசம் ஆச்சுல்லா. தர்ப்பையில பொம்மை செஞ்சு கொள்ளி வச்சு கருமாதிய முடிச்சிருவோம். வாற பதினெட்டாம் தேதி நல்ல நாளு."

மதினி முத்துத்தாய் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கை தாலியைப் பிடித்திருந்தது.

பதினெட்டாம் தேதிக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். இதுதான் கடைசிப் பயணம்.

7 மே, கங்கைகொண்டசோழபுரம்

ராஜா தலைநகராக வைத்து ஆண்ட இடம். கோயில் ஒன்றுதான் மிச்சம். அரண்மனை இருந்த மேட்டில் ஆடு மேய்கிறது, கருவேலமுள், உடைந்த செங்கல். வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவ்வளவு பெரிய ஊரே காணாமல் போயிருக்கிறது, ஒரு மனுசன் எம்மாத்திரம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். உடனே வெட்கமாகிவிட்டது. ஊர் தானாக அழிந்தது. அண்ணனை நானல்லவா தொலைத்தேன்?

8 மே

எழுதியே விடுகிறேன்.

சித்தம் கலங்கிய அண்ணனை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப் போனேன். சாயங்காலம் வரச் சொன்னார்கள். அண்ணன் தறிக்குப் பாவு ஓட்டியவன், நாளெல்லாம் நூல் இழையை எண்ணுகிற வேலை. புத்தி போன பிறகும் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பான். புதுமண்டபத்தில் உட்கார வைத்து, "இந்தத் தூணையெல்லாம் எண்ணிக்கிட்டு இரு, வந்திருதேன்" என்றேன்.

டீ வாங்கப் போன ஐந்து நிமிடத்தில் காணோம் என்றுதான் வீட்டில் சொன்னேன். பொய். மேட்னி ஷோவுக்குப் போனேன். ஆறு மாதமாக அவனைக் காவல் காத்து அலுத்துப்போயிருந்தது. மூன்று மணி நேரம்... வயிறு குலுங்கச் சிரிச்சேன். சிரிச்சேனே, பாவி!

10 மே, தாராசுரம்

கும்பகோணம் வரை மூன்று தடவை வந்திருக்கிறேன். இங்கே இறங்கியதில்லை.

மண்டபத்தில் வௌவால் நாற்றம். மூலைத் தூணில் கரிக்கோடுகள். நாற்பது கோடு, ஒரு வட்டம். மறுபடி நாற்பது, ஒரு வட்டம். எங்கள் பட்டறையில் நாற்பது இழைக்கு ஒரு முடிச்சுப் போடுவோம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார் பாய் சொன்னார்: "ரெண்டு வருஷம் இங்கதான் இருந்தாரு. நான்தான் டீயும் பன்னும் குடுப்பேன். யாரு கூப்பிட்டாலும் வரமாட்டாரு. எண்ணி முடிக்கணும், தம்பி வந்துருவான்னு சொல்லுவாரு. முடிச்சதும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு."

போன கார்த்திகை மழையில் காய்ச்சலாம். தெருக்காரர்கள் சேர்ந்து அரசலாற்றங்கரையில் எரித்திருக்கிறார்கள்.

ஆறு மாதம். ஆறே மாதம்.

11 மே

ரயில். ஒன்றும் எழுத ஓடவில்லை.

12 மே, சங்கரன்கோவில்

மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சினிமாவையும் சேர்த்து. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "சினிமா எனக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கு உங்க சட்டையத் தொவைக்கையில பையில டிக்கெட்டு கெடந்துச்சு" என்றாள்.

பன்னிரண்டு வருடம்! "ஏன் மதினி கேக்கல?"

"கேட்டுட்டா, மூஞ்சில முழிக்க முடியாம நீங்களும் எங்கயாவது போயிருவீக. அப்புறம் அவுகள யாரு தேடுவா?"

18 மே

கருமாதி முடிந்தது. தர்ப்பைப் பொம்மைக்கு வேலை இருக்கவில்லை. மதினி தாலியைக் கழற்றிப் பாலில் போட்டாள். பெரியப்பா கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் போய்விட்டார்.

நான் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். தங்கத்தாய் வந்து, "என்ன சித்தப்பா முணுமுணுக்கீக?" என்று கேட்டாள்.

பந்தல்கால் பதினாறு. நாலு தடவை எண்ணிவிட்டேன்.